ஐ.வி.எஃப். செலவும் வருமான வரியும்: நியூ ஜெர்சி வாசகிக்குப் பதில்

கேள்வி: நாங்கள் எடிசனில் வசிக்கிறோம். திருமணமாகி எட்டு வருடம் ஆகிறது. எனக்கு 36 வயது, கணவருக்கு 39. அவர் எச்-1பி விசாவில் இருக்கிறார், நான் எச்-4 இ.ஏ.டி.யில் (வேலை அனுமதியில்) வேலை பார்க்கிறேன். 2024 கடைசியில் தம்பி கல்யாணத்துக்குச் சென்னை போனபோது இரண்டு மாதம் தங்கி அங்கே ஒரு ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சை) செய்தோம். 3,40,000 ரூபாய் ஆனது. அப்பாதான் கட்டினார். பலிக்கவில்லை. 2025-ல் இங்கேயே மறுபடி ஆரம்பித்தோம். கிளினிக்குக்கு 19,400 டாலர், ஊசி மருந்துகளுக்கு 6,300, கருக்களை உறையவைத்து ஒரு வருடம் சேமிக்க 1,200. ஜனவரி 12-ம் தேதி கருவை வைப்பதற்கான 4,800 டாலரை டிசம்பர் 29 அன்றே கிரெடிட் கார்டில் வாங்கிக்கொண்டார்கள். கணவரின் கம்பெனி இன்ஷூரன்ஸ் இதில் எதற்கும் தரவில்லை. எஃப்.எஸ்.ஏ.யில் (மருத்துவத்துக்கென்று வரிக்கு முன் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) இருந்த 3,300 டாலர் தீர்ந்துவிட்டது. 401கே ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்தும் 10,000 எடுத்தோம். ஜனவரியில் வைத்த கரு எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது.

என்னுடன் வேலை செய்பவர், எல்லாச் செலவையும் வரியில் கழிக்கலாம், பத்தாயிரம் டாலராவது திரும்ப வரும் என்கிறார். உறவினர் ஒருவர், குழந்தை பிறந்திருந்தால்தான் இதைக் காட்ட முடியும் என்கிறார். எது சரி? சென்னைச் செலவு, விமான டிக்கெட், ஊரிலிருந்து கூரியரில் வரும் சித்த மருந்து இவற்றையும் சேர்க்கலாமா? அடுத்து தானமாகப் பெற்ற கருமுட்டையை முயன்று பார்க்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், வீட்டில் வாடகைத் தாய் பற்றிப் பேசுகிறார்கள். அவற்றுக்கு வரியில் இடம் உண்டா? எங்கள் இருவரின் ஏ.ஜி.ஐ. (வரிக் கணக்குக்கான சரிக்கட்டிய மொத்த வருமானம்) 1,70,000. அதில் என் பங்கு 52,000. டவுன்ஹவுஸுக்கு வட்டி 14,200, ப்ராப்பர்ட்டி டாக்ஸ் 8,400. சம்பளத்தில் பிடித்த நியூ ஜெர்சி வரி 6,500.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் உறவினர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லாக் கேள்விகளிலும் அதுதான் உங்களை அதிகம் வருத்தியிருக்கும். அவர் சொன்னது தவறு. சிகிச்சை பலித்ததா, குழந்தை பிறந்ததா என்று அமெரிக்க வரிச் சட்டம் கேட்பதே இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 213-ம் பிரிவு பார்ப்பது, செலவு உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ மருத்துவத்துக்காகச் செய்ததா என்பதை மட்டும்தான். ஒரு நோயைக் கண்டறியவோ, குணப்படுத்தவோ, உடலின் ஒரு செயல்பாட்டைச் சரிசெய்யவோ ஆன செலவு என்றால் போதும். ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) வெளியிடும் 502-ம் எண் கையேட்டில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. ஐ.வி.எஃப். முறையும், முட்டையையோ விந்தணுவையோ தற்காலிகமாகச் சேமித்து வைப்பதும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. கரு கலைந்தபின் பார்த்த டாக்டருக்குக் கொடுத்ததும் மருத்துவச் செலவுதான். அந்த பில்கள் 2026-ல் வந்திருக்கும், எடுத்து வையுங்கள்.

விசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரீன் கார்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். வருடம் முழுக்க இங்கே இருந்து சாதாரண 1040 வரிப் படிவம் ஃபைல் செய்கிறவர்களுக்கு எந்த விசாவானாலும் இந்தச் சலுகை உண்டு. 1040-என்.ஆர். ஃபைல் செய்யும் நான்-ரெசிடென்ட்களுக்குத்தான் கிடையாது.

இனி, பத்தாயிரம் திரும்ப வரும் என்று உங்கள் அலுவலக நண்பர் சொன்னதைப் பார்ப்போம். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு செலவு சட்டப்படி தகுதி பெறுவது ஒன்று, அதனால் உங்கள் கைக்குப் பணம் வருவது இன்னொன்று. நடுவில் இரண்டு தடைகள் உண்டு. மருத்துவச் செலவில் ஏ.ஜி.ஐ.யின் 7.5 சதவீதத்துக்கு மேல் போகும் பகுதிதான் கணக்கில் வரும். அதுவும் ஷெட்யூல் ஏ படிவம் போட்டு ஐட்டமைஸ் செய்தால்தான், அதாவது கழிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டினால்தான். ஐட்டமைஸ் செய்தவற்றின் மொத்தம், எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைத் தாண்டாவிட்டால் பயன் இல்லை. சேர்ந்து ஃபைல் செய்யும் தம்பதிக்கு 2025-ல் அது 31,500 டாலர்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்க்கிறேன். கிளினிக், மருந்து, சேமிப்பு, கரு வைப்பது எல்லாம் சேர்த்து 31,700. எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து போன 3,300-ஐக் கழித்துவிட வேண்டும், அதற்கு ஏற்கெனவே வரி கட்டாமல் தப்பித்திருக்கிறீர்கள். மிச்சம் 28,400. கிளினிக்குக்குப் போய்வந்த காருக்கு 2025-ல் மைலுக்கு 21 சென்ட் உண்டு. டோலும் பார்க்கிங்கும் தனி. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று இத்தனை தடவை போனவர்களுக்கு இது சின்னத் தொகையாக இருக்காது. 400 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். ஆக 28,800. இதில் 1,70,000-ன் 7.5 சதவீதமான 12,750 போக, நிற்பது 16,050.

இதோடு வீட்டு வட்டி 14,200, ப்ராப்பர்ட்டி டாக்ஸும் மாநில வரியும் சேர்த்து 14,900. மொத்தம் 45,150. நல்லவேளையாக, மாநில, உள்ளூர் வரிகளுக்கு இருந்த 10,000 டாலர் உச்சவரம்பு 2025-க்கு 40,000 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. பழைய வரம்பே இருந்திருந்தால் இதில் 4,900 போயிருக்கும். 45,150-லிருந்து எப்படியும் கிடைக்கக்கூடிய 31,500-ஐக் கழித்தால் 13,650. இந்தத் தொகைக்கு உங்களுடைய வரி விகிதம் 22 சதவீதம். எனவே ஃபெடரல் (மத்திய அரசு) வரியில் மிச்சமாவது சுமார் 3,000 டாலர்.

31,700 செலவழித்துவிட்டு 3,000 தானா என்று மனசு சலிக்கும். எனக்கும் இந்தக் கணக்கைச் சொல்லும்போதெல்லாம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இதே செலவைச் செய்த, வாடகை வீட்டில் இருக்கும் தம்பதிக்கு நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு 16,050-உம் மாநில வரி 6,500-உம் சேர்ந்து 22,550 தான் வரும். அது 31,500-ஐத் தொடாது. ஃபெடரலில் ஒரு டாலர் கிடையாது. இளம் தம்பதிகளில் பலர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய தொகையைச் சொந்தக் கையிலிருந்து போட்டவர்களிடம் வரம்பைத் தாண்டவில்லை என்று சொல்லும் இந்தச் சட்டம் நியாயமானது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இன்றைய தேதிக்கு அதுதான் சட்டம். வரித் திரும்பப்பெறுதலை நம்பி அடுத்த சிகிச்சைக்குக் கடன் வாங்குகிறவர்களை நான் தடுத்து நிறுத்துவதும் அதனால்தான்.

இருவரும் தனித்தனியாக ஃபைல் செய்தால் உங்கள் 52,000-க்கு 7.5 சதவீதம் வெறும் 3,900 தானே, அதிகம் கழியுமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். போட்டுப் பார்த்துவிட்டேன். ஒருவர் ஐட்டமைஸ் செய்தால் மற்றவரும் செய்தாக வேண்டும், உங்கள் வரி விகிதம் குறைவு என்பதால் ஒவ்வொரு டாலர் கழிவுக்கும் கிடைக்கும் மிச்சமும் குறைந்துவிடும். உங்கள் எண்களுக்குச் சேர்ந்து ஃபைல் செய்வதுதான் நல்லது.

இப்போது பலரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். நியூ ஜெர்சி மாநில வரி. ஃபெடரலில் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் மருத்துவ பில்களை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். நியூ ஜெர்சியில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் என்ற ஒன்றே கிடையாது, ஐட்டமைஸ் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. என்.ஜே-1040 படிவத்தில் மருத்துவச் செலவுக்கென்று தனி இடம் இருக்கிறது. வரம்பும் 7.5 சதவீதம் இல்லை, மாநில மொத்த வருமானத்தில் 2 சதவீதம்தான். வாடகை வீட்டுத் தம்பதிக்கும் இது அப்படியே பொருந்தும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. உங்கள் டபிள்யூ-2-வை (வருடாந்திரச் சம்பளப் படிவம்) எடுத்து பாக்ஸ் 1-ஐயும் (ஃபெடரல் வரிக்கான சம்பளம்) பாக்ஸ் 16-ஐயும் (மாநில வரிக்கான சம்பளம்) ஒப்பிட்டுப் பாருங்கள். பாக்ஸ் 16-ல் தொகை கூடுதலாக இருந்தால், பெரும்பாலும் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் பிடித்த இன்ஷூரன்ஸ் பிரீமியமும் எஃப்.எஸ்.ஏ. தொகையும்தான் காரணம். ஃபெடரல் அவற்றுக்கு வரி போடுவதில்லை, நியூ ஜெர்சி பொதுவாகப் போடுகிறது. மாநிலம் வரி போட்ட பிரீமியத்தை மாநில மருத்துவச் செலவில் சேர்த்துக்கொள்ளலாம். ஃபெடரல் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. சாஃப்ட்வேர் இதைத் தானாகக் கேட்காமல் போகலாம், நீங்கள்தான் தேடி நிரப்ப வேண்டும்.

வருடத்துக்கு 5,400 டாலர் பிரீமியம் பிடித்திருக்கிறார்கள் என்றும், மாநில வருமானம் 1,78,700 என்றும் வைத்துக்கொண்டால், 28,800-உம் 5,400-உம் சேர்ந்து 34,200. அதில் மாநில வருமானத்தின் 2 சதவீதமான 3,574 போக 30,626 முழுவதும் கழியும். அந்த உயரத்தில் மாநில வரி 6.37 சதவீதத்திலும் 5.525 சதவீதத்திலும் விழுவதால் மிச்சம் சுமார் 1,850 டாலர். ஃபெடரல் தந்ததில் பாதிக்கும் மேல்! ஒன்றை நினைவில் வையுங்கள்: இந்த வருடம் ஐட்டமைஸ் செய்கிறீர்கள் என்பதால், நியூ ஜெர்சி திருப்பித் தரும் வரிப்பணம் அடுத்த வருட ஃபெடரல் ரிட்டர்னில் வருமானமாக ஏறும். அதற்காக ஒரு நானூறு டாலரை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது 401கே. கடிதத்தில் இதைப் பற்றிக் கேள்வியே கேட்காமல் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் உறுதியாக ஆயிரம் டாலர் அங்கே கிடக்கிறது. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரி போக 10 சதவீத அபராதம் உண்டு. அந்த அபராதத்துக்கு மருத்துவ விலக்கு இருக்கிறது. ஏ.ஜி.ஐ.யின் 7.5 சதவீதத்துக்கு மேற்பட்ட மருத்துவச் செலவு எவ்வளவோ அவ்வளவு தொகைக்கு அபராதம் இல்லை. உங்களுக்கு அது 16,050, எடுத்ததோ 10,000. முழுவதும் விலக்குக்குள் வருகிறது. இதற்கு ஐட்டமைஸ் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பணம் எடுத்ததும் சிகிச்சைக்குக் கட்டியதும் ஒரே வருடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு வந்த 1099-ஆர் படிவத்தின் ஏழாம் பெட்டியில் 1 என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்படியே ஃபைல் செய்தால் அபராதம் தானாக ஏறிவிடும். ஃபார்ம் 5329-ல் விலக்கு எண் 05 என்று குறித்துத் தொகையை எழுதுங்கள். எடுத்த பத்தாயிரத்துக்கு உண்டான வருமான வரி மட்டும் தப்பாது.

ஆக ஃபெடரலில் 3,000, மாநிலத்தில் 1,850, அபராத விலக்கில் 1,000. ஏறக்குறைய 5,850 டாலர். நண்பர் சொன்ன பத்தாயிரம் இல்லை. ஆனால் ஃபெடரல் கழிவோடு மட்டும் நின்றிருந்தால் இதில் பாதிதான் கைக்கு வந்திருக்கும்.

டிசம்பர் 29-ல் கட்டிய 4,800 எந்த வருடத்துக்கு என்ற சந்தேகம் உங்களுக்கு வரலாம். மருத்துவச் செலவு, பணம் கட்டிய வருடத்தின் கணக்கு. கிரெடிட் கார்டில் கட்டினால் கார்டைத் தேய்த்த நாள்தான் கட்டிய நாள், பில்லை அடைத்த நாள் கணக்கில்லை. வெகு நாள் கழித்துக் கிடைக்கப்போகும் சிகிச்சைக்கு முன்கூட்டியே கட்டியதைத்தான் ஐ.ஆர்.எஸ். ஏற்பதில்லை. இரண்டு வாரத்தில் நடந்த கரு மாற்றம் அந்த வகையில் சேராது. 2025-லேயே போடுங்கள். சேமிப்புக் கட்டணம் ஒரு வருடத்துக்கு என்பதால் அதிலும் சிக்கலில்லை. ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று கிளினிக் ஆசை காட்டினால் யோசியுங்கள். தற்காலிகச் சேமிப்பு, அடுத்த வருடத்துக்குள் கிடைக்கும் சேவை என்ற இரண்டுக்குமே அது முரண்படும்.

இதைக் கேட்டதும் சிலர் அடுத்த சிகிச்சையை டிசம்பருக்குள் முடித்துவிடலாமா, ஜனவரிக்குத் தள்ளலாமா என்று என்னிடம் கேட்பார்கள். ஒரே வருடத்தில் செலவுகள் சேர்ந்தால் வரம்பைத் தாண்டுவது சுலபம் என்பது உண்மைதான். ஆனால் எப்போது கரு வைப்பது என்பதை உங்கள் உடம்பும் டாக்டரும் முடிவு செய்யட்டும். பல் வைத்தியம், கண்ணாடி, கணவரின் பரிசோதனைகள் போன்ற தள்ளிப்போடக்கூடிய செலவுகளை வேண்டுமானால் பெரிய செலவு விழும் வருடத்தோடு சேருங்கள்.

சென்னைக்கு வருவோம். வெளிநாட்டில் செய்துகொண்ட சிகிச்சை என்பதற்காக ஐ.ஆர்.எஸ். ஒதுக்குவதில்லை. இங்கே தகுதி பெறும் சிகிச்சை சென்னையில் நடந்தாலும் தகுதி பெறும். மருந்துக்கு மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. டாக்டர் எழுதித் தந்த மருந்தைச் சென்னையில் வாங்கிச் சென்னையிலேயே போட்டுக்கொண்டது சரி, அது இரண்டு நாட்டிலும் சட்டப்படியான மருந்தாக இருக்க வேண்டும். அங்கிருந்து இங்கே வரவழைத்த மருந்து சரியில்லை. ஆகவே கூரியரில் வரும் சித்த மருந்தைச் சேர்க்க முடியாது. இங்கே வாங்கும் வைட்டமின், ஃபோலிக் ஆசிட் மாத்திரைகளும் பொதுவாகச் சேராது. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு சிகிச்சையாக டாக்டர் சொல்லியிருந்தால்தான் அவற்றுக்கு இடம் உண்டு. அக்குபங்சர் எடுத்திருந்தால் அந்தக் கட்டணத்தைச் சேர்க்கலாம்.

விமான டிக்கெட்டை விட்டுவிடுங்கள். பயணச் செலவு கழிய வேண்டுமானால் அந்தப் பயணம் முக்கியமாக மருத்துவத்துக்காகவே இருந்திருக்க வேண்டும். நீங்கள் போனது தம்பி கல்யாணத்துக்கு. அழைப்பிதழில் தேதி இருக்கிறது, டிக்கெட்டிலும் தேதி இருக்கிறது. ஐ.ஆர்.எஸ். கேட்டால் பதில் சொல்ல முடியாத ஒரு தொகைக்காக மற்ற நியாயமான தொகைகளின் நம்பகத்தன்மையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்பா கட்டிய 3,40,000 ரூபாயை உங்கள் செலவாகக் காட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2010-ல் அமெரிக்க வரி நீதிமன்றத்தில் இதேபோல ஒரு வழக்கு வந்தது. மகளுடைய மருத்துவ பில்களைத் தாய் நேரடியாக மருத்துவமனையிடம் கட்டியிருந்தார். தாய் மகளுக்கு அன்பளிப்பாகத் தந்து, மகளே கட்டியதாகக் கருதலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்பாவிடம் ரசீதுகளை உங்கள் பெயருக்கு வாங்கி, அவர் கட்டியதற்கான வங்கிச் சான்றையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

ரூபாயை 2024 சராசரி மாற்று விகிதத்தில் போட்டால் சுமார் 4,060 டாலர் வரும். அந்த வருடமும் உங்கள் வருமானம் இதை ஒட்டித்தான் இருந்திருக்கும் என்பதால் ஃபெடரலில் 7.5 சதவீதத்தை எட்டவே எட்டாது. நியூ ஜெர்சியில் எட்டும். பிரீமியத்தோடு சேர்த்தால் 300 டாலருக்கு மேல் திரும்ப வர வாய்ப்பிருக்கிறது. ஏற்கெனவே ஃபைல் செய்த வருடம் ஆயிற்றே என்று விட வேண்டாம். என்.ஜே-1040எக்ஸ் படிவத்தில் திருத்திக் கேட்க மூன்று வருட அவகாசம் இருக்கிறது. இந்த வருடத்து வேலை முடிந்தபின் நிதானமாகச் செய்யலாம்.

கருமுட்டை தானம், வாடகைத் தாய் இரண்டையும் வீட்டில் ஒரே மூச்சில் பேசுவார்கள். வரிச் சட்டம் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது. தானமாகப் பெற்ற முட்டையில் உருவான கருவை உங்கள் கர்ப்பப்பையில் வைத்தால் சிகிச்சை உங்களுக்குத்தான் நடக்கிறது. 2003-ல் ஐ.ஆர்.எஸ். ஒரு பெண்ணுக்கு எழுதிய தனிக் கடிதத்தில், முட்டை தருபவருக்கான கட்டணம், ஏஜென்சி கட்டணம், அவருடைய மருத்துவ, மனநலப் பரிசோதனைகள், ஒப்பந்தம் எழுதிய வக்கீல் செலவு எல்லாவற்றையும் மருத்துவச் செலவாக ஏற்றது. அத்தகைய கடிதம் கேட்டவருக்கு மட்டுமே கட்டுப்பாடானது என்றாலும், ஐ.ஆர்.எஸ். எப்படி யோசிக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். தொகை பெரிது, ஆகவே அந்த வழியில் போவதென்றால் ஏஜென்சியிடம் தனித்தனித் தலைப்பில் பில் கேளுங்கள்.

வாடகைத் தாய்க்கு ஆகும் செலவு கழியாது. அவரைத் தேடுவது, அவருக்கான பணம், அவருடைய மருத்துவச் செலவு எதையும் சேர்க்கக் கூடாது என்று 502-ம் கையேடு வெளிப்படையாகவே சொல்கிறது. காரணம், சிகிச்சை நடப்பது உங்கள் உடம்பிலோ கணவர் உடம்பிலோ இல்லை என்பது. 2008-ல் வரி நீதிமன்றமும், 2017-ல் மோரிசி வழக்கில் பதினோராம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதே பக்கம்தான் நின்றன. அந்த வழியிலும், உங்களிடமிருந்து முட்டை எடுக்க ஆகும் செலவு உங்கள் உடம்பில் நடக்கும் சிகிச்சை என்பதால் அதற்கான பில்லைத் தனியே வாங்கி வைக்க வேண்டும். எந்த வழி என்பது உங்கள் இருவரின் முடிவு. வரி வித்தியாசம் தெரிந்திருக்கட்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வரியைவிடப் பெரிய பணம் அதில்தான். நியூ ஜெர்சியில் 2001-லேயே ஒரு சட்டம் வந்தது. 50 பேருக்கு மேல் உள்ள குழு இன்ஷூரன்ஸ் பாலிசிகள் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு, நான்கு முறை முட்டை எடுப்பது வரை, பணம் தர வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு ஏன் உங்களுக்குத் தரவில்லை? பெரிய ஐ.டி. கம்பெனிகள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியை நிர்வாகத்துக்கு மட்டும் வைத்திருக்கின்றன. அந்த செல்ஃப் ஃபண்டட் திட்டங்கள் மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால் மாநிலச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தாது. கார்டில் பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருப்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது. உங்கள் அலுவலக எச்.ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "நம் திட்டம் செல்ஃப் ஃபண்டடா, நியூ ஜெர்சியில் எழுதப்பட்ட ஃபுல்லி இன்ஷூர்ட் பாலிசியா?" இரண்டாவது என்றால், அடுத்த ஓபன் என்ரோல்மென்ட்டில் (திட்டத்தில் சேரும் காலத்தில்) உங்கள் கம்பெனித் திட்டத்தில் நீங்கள் சேர்வதே ஒரு ஐ.வி.எஃப். செலவை மிச்சப்படுத்தும். சம்பளம் சற்றுக் கூடுதலான வேலையைவிட இந்தத் திட்டம் உள்ள வேலை அதிகம் பெறுமதியுள்ளதாக இருக்கலாம்.

2026-க்கு எஃப்.எஸ்.ஏ. வரம்பு 3,400 டாலர், கம்பெனி அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம். இது ஆளுக்கு ஒன்று. உங்கள் கம்பெனியில் அந்த வசதி இருந்தால் கணவர் போடும் 3,400 போக நீங்களும் தனியாகப் போடலாம். வருடத்தில் போடப்போகும் முழுத் தொகையையும் திட்ட வருடத்தின் முதல் நாளிலேயே எடுத்துச் செலவழிக்க முடியும் என்பது ஐ.வி.எஃப். போன்ற மொத்தச் செலவுக்கு மிகவும் உதவும். எஃப்.எஸ்.ஏ.க்கு 7.5 சதவீத வரம்பும் இல்லை, ஐட்டமைஸ் செய்யவும் வேண்டாம், முதல் டாலரிலிருந்தே பலன். ஹை டிடக்டிபிள் (தொடக்கச் செலவில் பெரும்பகுதியை நாமே ஏற்கும்) இன்ஷூரன்ஸ் திட்டத்துக்கு மாறினால் எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் குடும்பத்துக்கு 8,750 வரை போடலாம். ஆனால் சாதாரண எஃப்.எஸ்.ஏ.யும் எச்.எஸ்.ஏ.யும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது, எச்.எஸ்.ஏ. திறப்பதற்கு முன் ஆன செலவுக்கு அந்தப் பணத்தை எடுக்கவும் முடியாது. நியூ ஜெர்சி எச்.எஸ்.ஏ.யை அங்கீகரிப்பதில்லை என்பதால் மாநிலத்தில் அதற்குச் சலுகை கிடைக்காது.

பில்களை ரிட்டர்னோடு அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் உங்களிடம் இருக்க வேண்டும். கிளினிக் போர்ட்டலிலிருந்து தேதியும் சேவையின் பெயரும் தனித்தனியாக உள்ள பில், மருந்துக் கடையின் வருடாந்திரப் பட்டியல், கார்டு ஸ்டேட்மென்ட், இன்ஷூரன்ஸ் மறுத்த கடிதம், போய்வந்த தேதிகளும் மைலும் உள்ள ஒரு தாள். அப்பாயின்ட்மென்ட் காலண்டரை வைத்து இப்போதுகூட மைல் கணக்கை எழுதிவிடலாம். குறைந்தது மூன்று வருடம் வைத்திருங்கள். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் மற்ற எல்லாக் காகிதத்தையும் கொடுத்துவிட்டு, இந்த பில்களை மட்டும் கூச்சத்தினால் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். யார் உங்கள் வரியைப் பார்த்தாலும் இவற்றை முதலில் கொடுங்கள். சட்டப்படி இது முட்டி ஆபரேஷன் பில்லுக்குச் சமம்.

ஃபெடரல், மாநிலம் இரண்டுக்கும் ஏப்ரல் 15 கடைசி நாள். நீங்கள் இருக்கும் மனநிலையில் அதற்குள் காகிதம் தேடி அலைய வேண்டாம் என்று தோன்றினால் ஃபார்ம் 4868 போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள். அது ஃபைல் செய்வதற்கான அவகாசம்தான், கட்ட வேண்டிய வரி இருந்தால் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும். 401கே-யிலிருந்து எடுத்த பத்தாயிரத்துக்குப் போதிய வரி பிடித்தார்களா என்று 1099-ஆரின் நான்காம் பெட்டியை மட்டும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.